எருக்குழியில் கிடந்த ஊசி: மாட்டுக்குப் போட்ட ஊசிகளை எங்கே சேர்ப்பது?

கட்டுத்தாரை (காங்கேயம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் சோளக்காட்டுக்கு எரு இறைச்சோம். கூடையை எறக்கி வெச்சுட்டுக் காலால தள்ளிவிட்டப்ப எங்க அம்மா "ஐயோ"ன்னு அங்கயே உக்காந்துட்டாங்க. வேலா முள்ளுன்னுதான் நெனச்சேன். பிடுங்கிப் பார்த்தா மாட்டுக்குப் போடற ஊசி. சிரிஞ்சு இல்லை, ஊசியும் அதோட பிளாஸ்டிக் தலையும் மட்டும். ரப்பர் செருப்பைத் துளைச்சுப் பாதத்துல அரை விரக்கடை ஏறியிருந்துச்சு.

ஆரம்ப சுகாதார நிலையத்துல கழுவிக் கட்டி, டி.டி. ஊசி போட்டாங்க. அங்க இருந்த டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க: "இது எந்த மருந்து போட்ட ஊசி?" என்னால பதில் சொல்ல முடியலைங்க. கோமாரித் தடுப்பூசியா, மடிவீக்கத்துக்குப் போட்டதா, கன்னுக்குட்டிக்குப் போட்டதா, எதுவா வேணும்னாலும் இருக்கலாம்.

யாரையும் குறை சொல்ல வரலை. பாதி ஊசி நானே போட்டது. போட்டு முடிச்சதும் கூரை ஓலைல சொருகி வெப்பேன். காத்துக்கு விழும், சாணி வழிக்கறப்ப அதோட சேர்ந்து குழிக்குப் போயிரும். எங்க அப்பாவும் அப்படித்தான் செஞ்சார். ஏழு உருப்படி வெச்சிருக்கேன். வருசத்துக்கு அம்பது ஊசிக்குக் குறையாது. இதையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடறதுங்க? செய்யறவங்க இருந்தா சொல்லுங்க.

ஆட்டுப்பட்டி (விருதுநகர்)

அண்ணே, அம்மா இப்ப எப்படி இருக்காங்க? எங்க ஊர்ல தண்ணி வத்துன பழைய கிணறு ஒண்ணு இருக்கு. எல்லாரும் ஊசி, மருந்து பாட்டில், செத்த கோழி எல்லாத்தையும் அதுலதான் போடுவோம். எவன் காலுலயும் குத்தாது. இல்லேன்னா வருசத்துக்கு ஒரு தடவை குமிச்சு வச்சு டயரைப் போட்டு எரிச்சிருங்க.

மாட்டு வைத்தியர் (தருமபுரி)

அரசு கால்நடை மருந்தகத்தில் 22 வருடமாக வேலை செய்கிறேன். முதலில் அம்மா விஷயம். மாதக்கணக்கில் எருவில் கிடந்த ஊசி என்றால் முதல் கவலை டெட்டனஸ். அதற்கான ஊசி போட்டாயிற்று, நல்லது. காலில் வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் திரும்பக் கூட்டிப் போங்கள். "மாட்டு ஊசி குத்தியது" என்று சொல்லியே காட்டுங்கள்.

விருதுநகர் தம்பிக்கு: அந்தக் கிணற்றுப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிய கிணறு என்கிறீர்கள். ஐப்பசி மழையில் அதில் ஊற்று வந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான் போகும். என்றைக்காவது தூர் வார ஒரு ஆள் இறங்கும்போது அவர் காலுக்குக் கீழே இருபது வருட ஊசி இருக்கும். எரிப்பதும் உதவாது. டயர் நெருப்பில் ஊசி உருகாது, கறுத்து அதே கூர்மையோடு சாம்பலில் கிடக்கும். சிரிஞ்சும் டியூபும் எரிகிற புகை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கழிவுக்கு முதல் விதிகள் 1998-இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2016-இன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். இது மனித ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கால்நடை மருத்துவமனை, விலங்குக் கூடம், தடுப்பூசி முகாம் எல்லாமே அதற்குள் வருகின்றன. ஊசி, பிளேடு போன்ற கூரான உலோகம் எல்லாம் குத்தினால் துளைபடாத, ஒழுகாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். அங்கிருந்து, பல மருத்துவமனைகளின் கழிவைச் சேர்த்து வாங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், நீராவியிலோ உலர் சூட்டிலோ கிருமி நீக்கி, அப்புறம் நொறுக்கவோ சிமென்டில் புதைக்கவோ செய்வார்கள்.

மருந்தகத்துக்குள் இது ஓரளவு நடக்கிறது. உங்கள் கட்டுத்தரையில் வந்து நின்று ஊசி போடும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

நாய்ப்பிள்ளை மருத்துவமனை (கோவை)

தனியாக சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி வாங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு, மாதக் கட்டணம் கட்டுகிறேன். வண்டி வந்து பார்கோடு ஒட்டிய பைகளை எடுத்துப் போகும். ரத்தம் பட்ட பஞ்சு, அறுவையில் வெட்டி எடுத்த திசு, காலாவதி மருந்து மஞ்சள் பையில். ஊசி நீக்கிய சிரிஞ்சு, டியூப், கையுறை சிவப்பில். கண்ணாடிக் குப்பிகள் நீலக் குறி போட்ட பெட்டியில்.

திசு, ரத்தம் பட்ட கழிவு இவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊசிக்கு அந்தக் கெடு கிடையாது, அழுகாத பொருள். அதனால்தான் வீட்டில் ஒரு கெட்டியான டப்பாவில் மாதக்கணக்கில் சேர்த்து மொத்தமாக ஒப்படைக்கிற முறை நடைமுறைக்கு ஒத்துவரும்.

என் உதவியாளர்களுக்கு முதல் நாள் முதல் பாடம்: போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதே. கையில் குத்திக்கொள்வதில் பெரும்பங்கு அந்த நொடியில்தான் நடக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் மூடியைத் தரையில் வைத்து, ஒற்றைக் கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும். இரண்டாவது கை பக்கத்திலேயே வரக் கூடாது.

முகாம் உதவியாள் (பெயர் வேண்டாம்)

நான் பத்து வருசமா தடுப்பூசி முகாமுக்கு மருந்துப் பெட்டி தூக்கிட்டுப் போறவன். இந்த இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

மாடு மேய்ச்சலுக்குப் போறதுக்குள்ள முடிக்கணும்னு விடியக்காலை அஞ்சு மணிக்கே ஆரம்பிப்போம். ஒரு தெருவுல நாப்பது மாடு. ஒருத்தர் மூக்கணாங்கயிறைப் புடிப்பார், ஒருத்தர் ஊசி போடுவார், நான் மருந்து ஏத்திக் குடுப்பேன். மாடு திமிரும். ஊசி வளையும், தெறிக்கும். தெறிச்ச ஊசியைத் தேடி இருட்டுல சாணிக்குள்ள கைவிட்டா அடுத்த வீட்டுக்காரர் "எம் மாட்டை அவுத்து விடப் போறேன்"னு சத்தம் போடுவார். நாங்க வேணும்னு போட்டுட்டுப் போறதில்லை. ஆனா போட்டுட்டுத்தான் வந்திருக்கோம், அது உண்மை.

ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியையே அடுத்த மாட்டுக்கும் போடாதீங்கன்னு சொல்றாங்க. சரியான பேச்சு. தோல் கழலை நோய் வந்தப்ப பார்த்தோமே, ஒரே ஊசியால ரத்தத்து வழியா நோய் தாவும். ஆனா ஊசி மாத்த மாத்தக் குப்பை ஊசியும் கூடும். 2019 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல பசு, காளை, கன்னு சேர்த்து ஏறக்குறைய 95 லட்சம். வருசத்துக்கு ரெண்டு தடவை கோமாரித் தடுப்பூசி. எல்லாத்துக்கும் ஆளுக்கொரு ஊசின்னா கோமாரிக்கு மட்டுமே ஒரு கோடியே 90 லட்சம் ஊசி. அதுல நூத்துக்கு ஒண்ணு சாணியில விழுந்தாலும் எவ்வளவுன்னு பாருங்க.

எனக்கு நடந்ததையும் சொல்றேன். கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி, நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள இருக்கற கெடேரிக் கன்னுக்குப் போடறது. கன்னு உதைச்சதுல ஊசி என் கட்டைவிரல்ல ஏறிடுச்சு. சின்னக் குத்துதானேன்னு துணியைச் சுத்திக்கிட்டு அன்னிக்குப் பூரா வேலை செஞ்சேன். சாயந்திரம் டாக்டர் பார்த்துட்டு என்னை உடனே பைக்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். காலிக் குப்பியையும் சட்டைப் பையில எடுத்துக்கிட்டார். அங்க இருந்தவங்களுக்கு முதல்ல புரியலை, "மாட்டு மருந்துதானே"ன்னாங்க. இவர் விளக்கினப்புறம் மூணு வாரம் ரெண்டு வகை மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணும் ஆகலை. அந்த மூணு வாரமும் நான் தூங்கலை.

மாட்டு வைத்தியர் (தருமபுரி)

முகாம் நண்பர் சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்தத் தடுப்பூசியில் இருப்பது எஸ்-19 என்ற உயிருள்ள கிருமி. வீரியம் குறைந்தது, ஆனால் செத்தது அல்ல. மனிதருக்குள் போனால் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தலாம். 2019-இல் தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து கோமாரியோடு இதையும் ஊர் ஊராகப் போடுகிறோம். காலிக் குப்பியைப் பிள்ளைகள் விளையாட எடுத்துவிடக் கூடாது என்று நான் எண்ணி வாங்கி எண்ணித் திருப்புகிறேன்.

கோமாரித் தடுப்பூசி வேறு மாதிரி. கிருமி செத்தது, ஆனால் மருந்து எண்ணெயில் கலந்தது. விரலில் துளி இறங்கினாலும் உள்ளே கடுமையாக வீங்கி ரத்த ஓட்டத்தை அடைக்கும். கவனிக்காமல் விட்டு விரலையே இழந்தவர்கள் உண்டு. அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். "எண்ணெய் மருந்து" என்ற வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள்.

எந்த ஊசி குத்தினாலும் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், சுண்ணாம்பு அப்ப வேண்டாம். மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.

பால்காரம்மா (நாமக்கல்)

பெண்கள் தரப்புல ஒண்ணு சொல்லணும். மாடு சினைப்பருவத்துக்கு வராதப்ப ஒரு ஊசி போடுவாங்களே, அந்த மருந்து தோல்ல பட்டாலே உள்ள இறங்கிடும், கர்ப்பமா இருக்கறவங்க கிட்டயே போகக் கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னார். ஆஸ்துமா இருக்கறவங்களும் அப்படித்தான். ஆனா ஆம்பளைங்க ஊசியைப் போட்டுட்டுப் போயிடறாங்க. தொழுவத்தைக் கூட்டறது யாரு? என் மருமக அப்ப ஆறு மாசம். மிச்சம் மருந்தோட கிடந்த சிரிஞ்சைக் கையில எடுத்து "இதை எங்கத்தை போடறது?"ன்னு கேட்டா. எனக்கு உசுரே போயிடுச்சு. உடனே சோப்புப் போட்டுக் கழுவ வெச்சேன். தெய்வாதீனமா ஒண்ணும் ஆகலை.

அன்னியில இருந்து எங்க வீட்டுல சட்டம்: ஊசி போட்டவங்க கையாலயே டப்பாவுல போடணும். வேற யாரும் எடுக்கக் கூடாது.

சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வர்றவங்களும் அந்த நீளக் கையுறையையும் பிளாஸ்டிக் குழலையும் வேலிமேல வீசிட்டுப் போறாங்க. பேருதான் சினை ஊசி, அதுல ஊசியே இல்லைன்னாலும் அந்த உறையை மாடு மென்னு முழுங்கினா?

நெல்வயல் (மன்னார்குடி)

முழுங்கும்மா. மாடு ஆட்டைப் போல உதட்டால பொறுக்கித் தின்னாது, நாக்கால வளைச்சு அப்படியே உள்ள தள்ளும். ஊசியையும் அப்படித்தான்.

எங்க கலப்பினப் பசு, ரெண்டாவது ஈத்து. பத்து நாளா தீனி கம்மி, பால் பாதியாயிடுச்சு. வரப்புல இருந்து கீழே இறங்கச் சொன்னா முனகிக்கிட்டு நிக்கும். முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கமா அகட்டி வெச்சுக்கும். செரிமானக் கோளாறுன்னு சுக்கும் மிளகும் இடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தோம். கழுத்துக்குக் கீழ தாடி வீங்கினப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் தொட்டுப் பார்த்துட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டார். செத்தப்புறம் அறுத்துக் காட்டினார். தேனடை மாதிரி இருக்கற வயித்துல இருந்து ஒரு ஊசி முன்பக்கமா குத்தி, உதரவிதானத்தைத் தாண்டி இதயத்துப் பைக்குள்ள போயிருந்துச்சு. அந்த வயித்துக்கும் இதயத்துக்கும் நடுவுல நாலு விரல் தூரம்தான். இதயத்தைச் சுத்தி ஒரே சீழ்.

அது எங்க மாட்டுக்கே போட்ட ஊசி. வைக்கோல் போர்ல சொருகி வெச்சது நான்.

ஆட்டுப்பட்டி (விருதுநகர்)

படிக்கவே முடியலை அண்ணே. கிணத்து விஷயத்தை எங்க ஊர்ல பேசுறேன், இனிமே போட மாட்டோம். உள்ள கிடக்கறதை என்ன செய்யன்னு ஊராட்சியில கேக்கப் போறேன்.

ஒரு யோசனை. எருக்குழியில பெரிய காந்தத்தைக் கயித்துல கட்டி இழுத்தா ஊசியெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துராதா? வெல்டிங் பட்டறையில அப்படித்தான் ஆணி பொறுக்குவாங்க.

மாட்டு வைத்தியர் (தருமபுரி)

நல்ல யோசனை, ஆனால் நம்பிவிடாதீர்கள். ஆணியும் கம்பியும் ஒட்டும். இந்த ஊசிகள் செய்யும் துருப்பிடிக்காத எஃகு காந்தத்துக்குச் சரியாகப் பிடிபடாது. கம்பி விழுங்கிய மாட்டின் வயிற்றில் காந்தம் விடுகிற சிகிச்சையும் இதே காரணத்தால் ஊசிக்கு அவ்வளவாக உதவாது. எருவைச் சல்லடையில் சலிப்பதுதான் வழி. கனமான செருப்பு, மண்வெட்டி. வெறுங்கையால் அள்ளக் கூடாது.

தூய்மைப் பணி மேற்பார்வை (ஒரு ஊராட்சி)

எங்க தூய்மைக் காவலர்களுக்காகக் கேட்கிறேன். ஊசியைக் குப்பையோட கலந்து போட்டுடாதீங்க. எங்க அக்காக்கள் பையைப் பிரிச்சு மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு கையாலதான் பிரிக்கிறாங்க. குடுக்கற கையுறை முள்ளுக்கே தாங்காது. பிரிக்கும்போது ஒரு அக்காவுக்கு உள்ளங்கையில குத்தி, அது மனுச ஊசியா மாட்டு ஊசியான்னு தெரியாமலே ஆறு மாசம் ரத்தப் பரிசோதனைக்கு அலைஞ்சாங்க. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போச்சு.

2016 திடக்கழிவு விதியிலயே, வீட்டுல சேர்ற பழைய ஊசி, சிரிஞ்சு, காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவுன்னு தனியா சொல்லியிருந்தாங்க. தனியா வாங்கித் தனியா சேர்க்கணும். அதுக்கு எங்க ஊராட்சியில இன்னும் இடம் இல்லை. அதனால இப்போதைக்கு நேரா கால்நடை மருந்தகத்துக்கே கொண்டுபோங்க. எங்ககிட்டதான் குடுக்கணும்னா மூடி ஒட்டின கெட்டி டப்பாவுல, மேல பெருசா "ஊசி"ன்னு எழுதிக் கையில குடுங்க.

நெல்வயல் (மன்னார்குடி)

2024 டிசம்பர்ல கேரளாவுல இருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து நெல்லைப் பக்கம் கொட்டினப்ப எல்லாரும் கொதிச்சோம். பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித் திரும்ப அள்ளிட்டுப் போனாங்க. 2025-ல மருத்துவக் கழிவு கொட்டறவங்களைக் குண்டர் சட்டத்துலயே சேர்த்தாங்க. அந்தக் கோபம் நியாயம். நம்ம கொட்டகைக்குள்ள நாமளே கொட்டிக்கிறதுக்கும் அதே அளவு கோபம் வரணும்னு தோணுது.

மசினகுடி வாசி

ஊசியோடு மருந்தையும் பேசுங்கள். எங்கள் மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-இல் குப்பியையே 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைக்குப் போட 2023-இல் தடை வந்தது. உங்கள் பரணில் பழைய குப்பி இருந்தால் மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். அதையும் மருந்தகத்தில் கொடுங்கள்.

மாட்டு வைத்தியர் (தருமபுரி)

டப்பா எப்படி இருக்க வேண்டும் என்று தனிச்செய்தியில் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், மிதித்தால் ஊசி வெளியே வரும். பால் கவர், அட்டைப்பெட்டி கூடவே கூடாது. ஃபினாயில் கேன், என்ஜின் ஆயில் கேன் போலத் தடித்த சுவரும் திருகு மூடியும் உள்ளது போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே "ஊசி – தொடாதே" என்று பெயின்டில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஊசி போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். வீட்டுக்குள் பரணில் வைத்தால் யாரும் நடந்துபோய்ப் போடமாட்டார்கள், மறுபடி கூரை ஓலைதான். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி மாற்றிவிடுங்கள். அழுத்தித் திணிக்க வேண்டாம்.

என் மருந்தகத்தில் விவசாயிகள் கொண்டுவரும் டப்பாக்களை வாங்கி எங்கள் கழிவோடு அனுப்புகிறேன். எல்லா இடத்திலும் உடனே வாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. போய்க் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்களும் மேலே கேட்பார்கள்.

வண்டியே வராத மலைக் கிராமங்களுக்கு விதியிலேயே வழி உண்டு: சிமென்ட் பூசிய ஊசிக் குழி. மேலே தளம் மூடி, ஒரு குழாய் மட்டும் நீட்டியிருக்கும். ஊசி அதன் வழியே உள்ளே விழும், திரும்ப எடுக்க முடியாது. நிறைந்ததும் சிமென்ட் ஊற்றி மூடிவிடலாம். தோட்டத்து மூலையில் கடப்பாரையால் தோண்டிய குழி இதற்கு ஈடாகாது. ஒரு மழைக்கு எல்லாம் வெளியே வரும்.

முகாம் உதவியாள் (பெயர் வேண்டாம்)

டாக்டர் சொன்னதும் பைக் கொக்கியில அஞ்சு லிட்டர் கேன் மாட்டிட்டேன். போன முகாம்ல தெருவுக்குள்ள போறப்ப ஊசியை எண்ணினேன், தெருமுனையில கேன்ல விழுந்ததை எண்ணினேன். மூணு கொறஞ்சுது. திரும்பிப் போய்த் தேடி ரெண்டை எடுத்தேன். மூணாவது கிடைக்கலை. அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.

கட்டுத்தாரை (காங்கேயம்)

ஒரு மாசம் கழிச்சு எழுதறேனுங்க. அம்மாவுக்குக் கால் ஆறிடுச்சு, நடக்கறாங்க.

மிச்சம் இருந்த எருவை மணல் சல்லடையில போட்டு ரெண்டு நாள் சலிச்சோம். 31 ஊசி. அதுல நாலு வளைஞ்சது, ஒண்ணு பாதி ஒடைஞ்சது. கால்சியம் ஏத்தற டியூப்பு மூணு, மடிக்குள்ள விடற மருந்துக் குழாய் ஒம்பது, ஒடைஞ்ச குப்பி ஒரு முறம். இத்தனைக்கும் மேலதான் பதினஞ்சு வருசமா எங்க அம்மா நடந்திருக்காங்க.

எல்லாத்தையும் பிரிச்சுக் கட்டி எங்க ஊர் மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். கால்நடை ஆய்வாளர் முதல்ல யோசிச்சார், அப்புறம் வாங்கிக்கிட்டார். "இதையே மத்தவங்களையும் செய்யச் சொல்லுங்க"ன்னார். கட்டுத்தரைத் தூண்ல ஃபினாயில் கேன் கட்டியாச்சு. அடுத்த கோமாரி ரவுண்டுக்கு எங்க பால் சொசைட்டி வாசல்ல பொதுவா 20 லிட்டர் கேன் ஒண்ணு வெக்கறதா தலைவர் ஒத்துக்கிட்டார். மூடியில எவ்வளவு பெருசா துளை போடலாமுங்க டாக்டர்?

மாட்டு வைத்தியர் (தருமபுரி)

ஊசித் தலை தாராளமாக இறங்கணும், குழந்தையின் விரல் உள்ளே போகக் கூடாது. குழந்தையின் சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவாகப் போடுங்கள். காய்ச்சின கம்பியால் துளைத்தால் ஓரம் மழுங்கி இருக்கும். கேனைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள், காலிக் கேன் என்று யாராவது தண்ணீர் பிடிக்கத் தூக்கிப் போய்விடுவார்கள்.